‘பொறுமை’ என்று ஒரு கிளாஸ்

மாடி அறை
பிப்ரவரி 6

அன்புள்ள அண்ணிக்கு,

உன் நாத்தனார் எழுதுகிறேன். தலைவலி குறைந்ததா, தூக்கம் பிடிக்கிறதா, அங்கே போடும் சாப்பாட்டில் உப்பாவது இருக்கிறதா என்று ஒன்று விடாமல் எழுது. கீழ் வீட்டில் அண்ணனும் மாடியில் நானும் சுகமாக இருக்கிறோம். சுகம் என்றால், இரண்டு பேரும் மாறி மாறிச் சமைக்கிறோம், இரண்டு பேரும் குறை சொல்லாமல் சாப்பிடுகிறோம்.

ஆறு மாதத்துக்குத் திரை எதையும் பார்க்கக் கூடாது, போனைத் தொடக் கூடாது என்று டாக்டர் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மன்னித்துக்கொள். எட்டு வருஷம் பக்கத்துப் பக்கத்து மேசையில் உட்கார்ந்துகொண்டு, வாய் திறந்து பேசாமல், கம்ப்யூட்டர் வழியாகவே சண்டை போட்டவர்கள் நாம். இப்போது பார், பேனாவில் மை இருக்கிறதா என்று உதறிக்கொண்டிருக்கிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். நீ படகுத்துறைப் படியில் வழுக்கி விழுந்த மறுவாரமே, படகு நிறுவனத்துக்காக நீ எழுதிய புரோகிராமை மேலாளர் என் தலையில் கட்டிவிட்டார். நீ வரும்வரை நான்தான் பார்த்துக்கொள்ள வேண்டுமாம். ஒரு படகு கிளம்பிவிட்டதா இல்லையா என்று தெரிந்துகொள்ள ஏழு கதவு திறக்க வேண்டியிருக்கிறது. இந்தச் சிக்கலுக்கு இந்த அமைப்பு என்று யார் யாரோ கண்டுபிடித்துப் பெயர் வைத்த டிசைன் பேட்டர்ன் ஒன்று பாக்கியில்லாமல் கொண்டுவந்து இறக்கியிருக்கிறாய். உன்னை ‘அலங்காரி’ என்று நான் கூப்பிட்டது வீண் போகவில்லை. நேராக எழுதினால் நாலு வரியில் முடியும் என்று அன்றும் சொன்னேன், இன்றும் சொல்கிறேன்.

இப்போது ஒரு சிக்கல். மூடுபனி வந்து ஒரு படகு ரத்தானால், துறைகளில் உள்ள அறிவிப்புப் பலகைகளுக்கும் டிக்கெட் ஜன்னல்களுக்கும் பயணிகளின் போனுக்கும் உடனே சேதி போக வேண்டும். போகிறது, ஆனால் அரை நிமிஷம் தாமதமாகப் போகிறது. படகுக்கென்று நீ எழுதிய நிரல் துண்டை, அதுதான் அந்தக் கிளாஸை, முழுக்கப் படித்துவிட்டேன். அதில் பலகை என்ற வார்த்தையே இல்லை. பிறகு பலகைக்கு எப்படித் தெரிகிறது? நான் எங்கே போய்த் தேடுவது?

உடம்பைப் பார்த்துக்கொள். பதிலுக்கு அவசரமில்லை என்று எழுத ஆசைதான், ஆனால் அவசரம்.

உன்
நாத்தனார்


ஓய்வு இல்லம், அறை 11
பிப்ரவரி 17

சண்டைக்காரிக்கு,

நலமா? நான் நலம் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். தலைவலி காலையில் வந்து மதியம் போய்விடுகிறது. சாப்பாட்டில் உப்பு இருக்கிறது. வேறொன்றும் இல்லை.

ஒரு நாளைக்குக் கால் மணி நேரம்தான் படிக்கலாம், எழுதலாம். நர்ஸ் ஒரு மணல் கடிகாரத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போவாள். மணல் தீர்ந்ததும் பேனாவை வாங்கிக்கொள்வாள். அதனால் இது ஐந்து நாள் கடிதம். நடுவில் எங்காவது நான் தூங்கிப் போயிருந்தாலும் உனக்குத் தெரியாது.

இங்கே காலையில் ஏரி இருப்பதில்லை. ஜன்னலுக்கு வெளியே வெறும் வெள்ளை. பத்து மணிக்கு மேல் ஒரு கரை வரும், பிறகு ஒரு மரம், பிறகு தண்ணீர். யாரோ தினமும் முதலிலிருந்து செய்து வைப்பது மாதிரி.

உன் கேள்வி. அது ஆப்சர்வர் என்ற பேட்டர்ன். படகுக்குப் பலகையைத் தெரிய வேண்டியதில்லை. சேதி வேண்டும் என்கிறவர்கள் தாங்களே வந்து படகிடம் பெயர் கொடுத்துவிட்டுப் போவார்கள். படகிடம் ஒரு பெயர்ப் பட்டியல் மட்டும் இருக்கும். ஏதாவது நடந்தால் பட்டியலில் உள்ளவர்களை வரிசையாகக் கூப்பிட்டுச் சொல்லும், யார் என்ன என்று விசாரிக்காது. நாளைக்கு ஒரு டீக்கடைக்காரருக்கும் சேதி வேண்டுமென்றால் அவர் வந்து பெயர் கொடுத்தால் போதும், படகில் ஒரு வரிகூட மாற்ற வேண்டாம். இந்த அமைப்பில் வழக்கமாக வரும் கோளாறு ஒன்று உண்டு. பெயர் கொடுத்தவர், போகும்போது பெயரை எடுக்காமல் போய்விடுவார். படகு அவரைக் கூப்பிட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்துக்கொண்டிருக்கும். அப்படி யாராவது பட்டியலில் இருப்பார்கள். தேடிப் பார்.

உன் அண்ணன் ஞாயிற்றுக்கிழமை வந்தார். மூன்று மணி நேரம் பஸ்ஸில் வருகிறார். பழம் கொண்டுவந்தார். நன்றி சொன்னேன்.

மணல் தீர்கிறது. சளி பிடிக்காமல் இரு.

அலங்காரி


மாடி அறை
மார்ச் 2

அன்புள்ள அண்ணிக்கு,

தலைவலி எத்தனை மணிக்குப் போகிறது என்று கணக்கு வைத்திருக்கிறாயே, அதுவே பாதி குணம். எனக்குச் சளி பிடித்துவிட்டது. நீ எழுதியதால்தான் பிடித்தது என்று அண்ணன் சொல்கிறார்.

கிடைத்துவிட்டது. வடக்குத் துறையை மூடி இரண்டு வருஷம் ஆகிறது. பலகையைக் கழற்றி எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள், பட்டியலில் மட்டும் அது இருந்துகொண்டே இருக்கிறது. ஒவ்வொரு முறையும் படகு அதைக் கூப்பிடும், முப்பது நொடி காத்திருக்கும், பதில் வராமல் அடுத்தவரிடம் போகும். அந்தப் பெயரை எடுத்தேன். இப்போது சேதி பறக்கிறது. பார்க்காமலே சொல்லிவிட்டாயே என்று கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

அதென்ன திடீரென்று ‘சண்டைக்காரி’? கல்யாணத்துக்குப் பிறகு, ‘நாத்தனாரே, நாத்தனாரே’ என்று ஆபீஸ் முழுக்கக் கேட்கக் கூப்பிட்டு என் மானத்தை வாங்குவாய். பழைய பெயர் நன்றாகத்தான் இருக்கிறது, இருக்கட்டும்.

எனக்கு மூன்றாம் மாடியில் தனி அறை கொடுத்திருக்கிறார்கள். ஜன்னல் பெரியது.

அடுத்த சிக்கல். மூடுபனியில் படகு ரத்து என்று பலகை சொல்கிறது. அதே படகுக்கு ஜன்னலில் டிக்கெட் விற்கிறார்கள். நேற்று நாற்பது பேர் டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு, இல்லாத படகுக்கு வரிசையில் நின்றார்கள். நானே போய் மன்னிப்புக் கேட்டேன். ‘ரத்தானால் விற்காதே’ என்று ஒரே ஒரு வரி எழுத எனக்குக் கை அரிக்கிறது. எழுதட்டுமா?

வெயிலில் கொஞ்சம் உட்கார். மருந்தைத் தலையணைக்கு அடியில் ஒளிக்காதே, உன்னை எனக்குத் தெரியும்.

நாத்தனார்


ஓய்வு இல்லம், அறை 11
மார்ச் 16

சண்டைக்காரிக்கு,

உன் சளி இந்நேரம் போயிருக்கும். என் மருந்து தலையணைக்கு அடியில் இல்லை. நர்ஸ் தேடிப் பார்த்துவிட்டாள்.

அந்த ஒரு வரியை எழுதாதே. எழுதினால் நாளைக்குப் புயலுக்கு ஒன்று, எஞ்சின் பழுதுக்கு ஒன்று என்று எழுதிக்கொண்டே போவாய். அது ஸ்டேட் என்ற பேட்டர்ன். படகு தானாக எதற்கும் பதில் சொல்லாது. நிற்பது ஒரு நிலை, ஆள் ஏற்றுவது ஒரு நிலை, ஓடுவது ஒரு நிலை, ரத்தானது ஒரு நிலை. ஒவ்வொரு நிலைக்கும் ஒரு தனி கிளாஸ். ‘டிக்கெட் உண்டா?’ என்று யாராவது கேட்டால், படகு தான் அப்போது எந்த நிலையில் இருக்கிறதோ அந்த நிலையிடம் கேட்டுச் சொல்லும். ரத்தான நிலைக்கு அந்தக் கேள்விக்குச் சொந்தப் பதில் எழுத விட்டுப்போயிருக்கும். அதனால் பொதுவான பதிலைக் கடன் வாங்கி ‘உண்டு’ என்கிறது. அதற்கென்று ஒரு பதில் எழுதிக் கொடு.

இங்கே படுத்திருக்கும்போது இது எனக்கு இன்னும் நன்றாகப் புரிகிறது. மதியத் தூக்கத்துக்கு முன்னால் நர்ஸ் ‘ஜன்னலைச் சாத்தட்டுமா?’ என்பாள், வேண்டாம் என்பேன். எழுந்தபின் அதையே கேட்பாள், சரி என்பேன். கேள்வி அதேதான். பதில் சொன்னவள் அதே ஆள்தானா என்று நர்ஸுக்கே சந்தேகம் வந்துவிட்டது. கனவில் படகுகள் எல்லாம் கரையேறி நடந்து வந்து, நாங்கள் எந்த நிலையில் இருக்கிறோம் என்று என்னிடம் கேட்கின்றன. நான் பெயர் சொல்லச் சொல்ல ஒவ்வொன்றாகத் தண்ணீருக்குத் திரும்பிப் போகின்றன.

ஒன்று கேட்க வேண்டும். வீட்டில் நான் எங்கே உட்கார்ந்து வேலை செய்வேன்? ஜன்னல் எந்தப் பக்கம் இருக்கும்? கனவில் ஒரு ஜன்னல் வருகிறது. சரியாகத்தான் வருகிறதா என்று பார்க்கத்தான் கேட்கிறேன்.

உன் அண்ணன் சின்ன வயசில் ஒரு நாய் வளர்த்த கதை சொன்னார். நன்றாக இருந்தது.

நன்றாகச் சாப்பிடு.

அலங்காரி


மாடி அறை
மார்ச் 30

அன்புள்ள அண்ணிக்கு,

உன் உடம்பு தேறி வருகிறது என்று அண்ணன் சொன்னார். கன்னத்தில் கொஞ்சம் சதை போட்டிருக்கிறதாம். இங்கே எனக்கும் போட்டிருக்கிறது, அதற்கு வியாதி காரணமில்லை.

ரத்தான நிலைக்குப் பதில் எழுதிக் கொடுத்துவிட்டேன். இல்லாத படகுக்கு இப்போது யாரும் வரிசையில் நிற்பதில்லை.

உன் ஜன்னல் இடது கைப் பக்கம். வெளியே அடுத்த வீட்டின் செங்கல் சுவர் மட்டும்தான். ‘சுவரைப் பார்த்தால்தான் எனக்கு யோசனை வரும்’ என்பாய். கனவில் அதுதானே வருகிறது?

பழையதில் எதையெல்லாம் வைத்துக்கொள்வது என்று ஒரு பட்டியல் போட்டுக்கொண்டிருந்தேன். அப்போது ‘பொறுமை’ கண்ணில் பட்டது. படகு எப்போது கிளம்ப வேண்டும் என்ற விதியை நீ படகுக்குள் எழுதவில்லை, தனித்தனி கிளாஸாக வெளியே வைத்து, எந்தப் படகுக்கு எது வேண்டுமோ அதை மாட்டிவிட்டிருக்கிறாய். ஸ்ட்ராடஜி, தெரியும், தெரியும். பதிமூன்று படகுக்கு ‘நேரப்படி’ மாட்டியிருக்கிறது. சாயங்காலம் ஆறு நாற்பது படகுக்கு மட்டும் ‘பொறுமை’. நேரம் ஆன பிறகும் இரண்டு நிமிஷம் நின்றுவிட்டுக் கிளம்பும். ஏன் என்று ஒரு குறிப்பும் இல்லை. அம்மணி, இதை என்ன செய்யட்டும்? எடுத்து எறிந்துவிடட்டுமா? உத்தரவு கொடு.

உன் பதிலைப் படித்துச் சிரிப்பதற்காகக் காத்திருக்கிறேன். தலையில் எண்ணெய் வைக்கலாமா என்று டாக்டரைக் கேள்.

நாத்தனார்


ஓய்வு இல்லம், அறை 11
ஏப்ரல் 9

சண்டைக்காரிக்கு,

நலமா? இங்கே மழை. ஏரி மதியம்கூட வரவில்லை.

‘பொறுமை’ பற்றிக் கேட்டிருந்தாய். சாயங்கால வேளையில் அந்தத் துறையில் நீரோட்டம் மாறக்கூடும். கயிறு அவிழ்த்ததும் படகு நிலைப்பட இரண்டு நிமிஷம் கொடுத்திருப்பேன். அல்லது எதிரே வரும் படகுக்கு வழி விடுவதற்காக இருக்கலாம். படகு ஓட்டுநர்களைக் கேட்டுப் பார். இப்போது தேவையில்லை என்று அவர்கள் சொன்னால் எடுத்துவிடு. ஒரே ஒரு படகுக்காக ஒரு கிளாஸை வைத்துக்கொண்டிருப்பது சரியில்லை.

‘பழையதில் எதையெல்லாம் வைத்துக்கொள்வது’ என்று எழுதியிருந்தாய். பழையது என்றால் புதியது ஒன்று இருக்கிறதா?

உன் அண்ணனுக்கு இருமல் இருந்தது. மழையில் வர வேண்டாம் என்று சொல். சொன்னால் கேட்பாரா என்று எனக்குத் தெரியாது.

அலங்காரி


ஓய்வு இல்லம், அறை 11
மே 6

சண்டைக்காரிக்கு,

நாலு வாரமாக உன்னிடமிருந்து கடிதம் இல்லை. தபால் வண்டி வாரத்துக்கு இரண்டு தடவை வருகிறது, சத்தம் கேட்டதும் எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன். உடம்புக்கு ஒன்றுமில்லையே? உன் அண்ணனைக் கேட்டால் நீ நன்றாக இருப்பதாகச் சொல்கிறார், சொல்லிவிட்டு ஏரியைப் பார்க்கிறார்.

நான் ஏதாவது தப்பாக எழுதிவிட்டேனா?

அலங்காரி


மாடி அறை
மே 24

அன்புள்ள அண்ணிக்கு,

எனக்கு உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. உனக்கு எப்படி இருக்கிறது என்று இந்தத் தடவை நிஜமாகக் கேட்கிறேன்.

முதலில் என் தப்பு. ஜனவரியிலேயே மேலாளர் என்னைக் கூப்பிட்டார். “அவங்க திரும்பி வர்றது சந்தேகம். இத யாராலயும் பாத்துக்க முடியாது. தூக்கிப் போட்டுட்டு நீங்களே புதுசா எழுதிருங்க” என்றார். சரி என்றேன். மூன்றாம் மாடி அறை அதற்காகக் கொடுத்ததுதான். உன்னிடம் கேட்ட கேள்விகளெல்லாம், புதிது முடியும்வரை பழையதை ஓட வைப்பதற்காகக் கேட்டவை. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அன்று அறையை விட்டு வெளியே வரும்போது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. எட்டு வருஷச் சண்டையில் கடைசியில் நான் ஜெயித்துவிட்டேன் என்று. நீ அப்போது கண்கூடத் திறக்காமல் படுத்திருந்தாய்.

இப்போது ‘பொறுமை’. அதை நான் தெரியாமல் கேட்கவில்லை. கேலிக்காகக் கேட்டேன்.

அண்ணன் நீச்சல் சொல்லிக் கொடுக்கும் குளத்தை ஆறரைக்குத்தான் மூடுவார்கள். அங்கிருந்து துறைக்குப் பத்து நிமிஷத்துக்கு மேல் ஓட வேண்டும். தினமும் ஆறு நாற்பதைக் கோட்டை விட்டுவிட்டு, ஒரு மணி நேரம் ஈரத் தலையோடு படியில் உட்கார்ந்திருப்பார். அடுத்த படகு வரும்வரை நீ ஆபீஸ் ஜன்னல் வழியாக அவரைப் பார்த்துக்கொண்டிருப்பாய். ஒரு நாள் டீ குடிக்கும்போது, ‘உன் ஈரத்தலைக்காக ஒரு காரியம் பண்ணிட்டேன், யார்கிட்டயும் சொல்லாத’ என்றாய். அந்த இரண்டு நிமிஷம் அதுதான். படகு ஓட்டுநர்கள் யாரும் கேள்வி கேட்கவில்லை, அவர்களுக்கும் அது ஒரு வாய் டீ. அண்ணனோ, ‘இப்பல்லாம் நான் வேகமா ஓடுறேன்’ என்று மாதக்கணக்கில் பெருமை அடித்துக்கொண்டிருந்தார். அதன் பிறகு உங்களுக்குக் கல்யாணம் ஆயிற்று.

நீ நீரோட்டம் என்று எழுதியிருந்தாய்.

அந்தக் கடிதத்தை வைத்துக்கொண்டு பழைய கடிதங்களையெல்லாம் எடுத்துப் படித்தேன். ‘சண்டைக்காரி’. ‘உன் அண்ணன்’. நீ அவருக்கு வைத்த ‘ஈரத்தலை’ என்ற பெயர் ஒரு இடத்தில்கூட இல்லை. எந்தப் பக்கம் ஜன்னல். பழத்துக்கு நன்றி. ‘உன் அண்ணி ரொம்ப நன்றி சொல்றா’ என்று அண்ணன் ஒருநாள் சாப்பிடும்போது சொன்னார், நான் கவனிக்கவில்லை.

உனக்கு நினைவில்லை, இல்லையா?

நான் அவரிடம் எதுவும் சொல்லவில்லை. ஒரு வரியாவது எழுது.

நாத்தனார்


ஓய்வு இல்லம், அறை 11
ஜூன் 7

சண்டைக்காரிக்கு,

உன் கடிதத்தைப் படித்து முடிக்க நாலு நாள் மணல் ஆயிற்று. தலைவலி இல்லை. நடுவில் நிறுத்தி நிறுத்திப் படித்தேன், அவ்வளவுதான்.

நினைவில்லை.

கடைசி நாலு வருஷம் இல்லை. உன்னோடு போட்ட சண்டை நினைவிருக்கிறது, உன் மேசையில் இருந்த உடைந்த கோப்பை நினைவிருக்கிறது. சண்டைக்காரியைத் தெரியும், நாத்தனாரைத் தெரியாது. உன் அண்ணனை ஒரே ஒரு தடவை வாசலில் பார்த்த ஞாபகம், குடையை மறந்து வைத்துவிட்டுப் போனார்.

கண் விழித்தபோது ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். நர்ஸ் என் காதில், “உங்க வீட்டுக்காரர்” என்றாள். அழுகிறவரிடம் நீங்கள் யார் என்று எப்படிக் கேட்பது? நாளைக்கு வந்துவிடும், அடுத்த வாரம் வந்துவிடும் என்று இருந்தேன். டாக்டருக்குத் தெரியும், யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று நான்தான் கேட்டுக்கொண்டேன். இனி வராது என்று அவர் ஏப்ரலில் சொன்னார்.

உன் கேள்விகளுக்கு நான் நினைவிலிருந்து பதில் எழுதவில்லை. அந்தப் புரோகிராமை நான் எழுதியதாக எல்லோரும் சொல்கிறார்கள், எனக்கு ஒரு வரி தெரியாது. நீ சிக்கலைச் சொன்னதும், இதற்கு என் மாதிரி ஒருத்தி எந்தப் பேட்டர்னை எடுத்திருப்பாள் என்று யோசித்தேன். பெயர் கிடைத்ததும் உருவம் கிடைத்தது. உருவம் கிடைத்ததும் கோளாறு எந்த மூலையில் இருக்கும் என்று தெரிந்தது. கண்ணை மூடிக்கொண்டு முன்பின் பார்க்காத வீட்டில் நடந்தேன், கை வைத்த இடத்தில் எல்லாம் கதவு இருந்தது. அந்தச் சில வாரம்தான் இங்கே எனக்கு நிம்மதியாக இருந்தது. யாராகவும் நடிக்க வேண்டியிருக்கவில்லை.

‘பொறுமை’ மட்டும் எந்தப் பேட்டர்னிலும் கிடைக்கவில்லை. ஏதோ எழுதினேன். நீ சொன்ன கதையைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் படுத்திருந்தேன். நல்ல பெண்ணாக இருந்திருக்கிறாள். அவள் மேல் கொஞ்சம் பொறாமைகூட வருகிறது.

அதனால் பழையதைத் தூக்கிப் போடுவதற்கு வருத்தப்படாதே. என்னுடையது என்று எனக்கே தெரியாததை நீ எறிந்தால் நான் எப்படிக் கோபப்படுவது? சந்தோஷப்பட்டாய் என்றாயே, அதற்கு மட்டும் கொஞ்சம் கோபம். அது நாலைந்து நாளில் போய்விடும்.

அவரிடம் சொல்லாதே. அவர் நல்லவர். ஆனால் அவர் பார்க்க வருவது என்னையில்லை என்று ஒவ்வொரு ஞாயிறும் தோன்றுகிறது. வேறு யாருக்கோ வந்த கடிதத்தைப் பிரித்துப் படிக்கிற மாதிரி இருக்கிறது.

நீ அழுதிருப்பாய். முகத்தைக் கழுவிக்கொள்.

அலங்காரி


மாடி அறை
ஜூன் 25

அன்புள்ள அலங்காரிக்கு,

முகம் கழுவினேன். இரண்டு தடவை. உன் கோபம் போய்விட்டதா, தூக்கம் எப்படி இருக்கிறது, இரண்டையும் எழுது.

புதிய புரோகிராம் பற்றிச் சொல்கிறேன், உனக்குச் சிரிப்பு வரும். ஒரு பேட்டர்னும் கிடையாது என்று சபதம் போட்டு எழுதினேன். படகுக்கு உள்ளேயே, ‘பலகையிடம் சொல், டிக்கெட் ஜன்னலிடம் சொல், போனுக்குச் சொல்’ என்று வரிசையாக எழுதினேன். என்ன அழகு, மேலிருந்து கீழே படித்தால் புரிந்துவிடும். மார்ச் முடிவதற்குள் புதுத் துறை ஒன்று திறந்தார்கள், பதினாலு படகிலும் ஒரு வரி சேர்த்தேன். பிறகு ஆம்புலன்ஸ் நிலையத்துக்கும் சேதி வேண்டும் என்றார்கள், பதினாலில் பன்னிரண்டில் சேர்த்தேன், இரண்டை மறந்தேன். இந்த மாதம் புதியதைச் சோதனையாக ஓடவும் விட்டோம். போன வாரம் மூடுபனியில் நோயாளியை ஏற்றிக்கொண்டு வந்த ஆம்புலன்ஸ், ரத்தான படகுக்காகத் துறையில் இருபது நிமிஷம் நின்றது. உள்ளே ஒரு கர்ப்பிணி. பாலம் வழியாகச் சுற்றிக்கொண்டு போனார்கள். தாயும் பிள்ளையும் நலம். நான் ஆஸ்பத்திரிக்குப் போய்க் கண்ணாடி வழியாகக் குழந்தையைப் பார்த்துவிட்டு வந்தேன். யார் என்று கேட்டார்கள், வார்டு மாறி வந்துவிட்டேன் என்றேன்.

திரும்பி வந்து உட்கார்ந்தேன். இனி மறக்காமல் இருக்க என்ன செய்யலாம் என்று யோசித்து, சொல்ல வேண்டியவர்கள் எல்லாரையும் ஒரே பட்டியலில் போட்டேன். பட்டியலில் சேர ஒரு வழி, விலக ஒரு வழி வைத்தேன். படகு பட்டியலைப் பார்த்துக் கூப்பிட்டால் போதும் என்று ஆக்கினேன். முடித்துவிட்டு எழுந்து நின்று பார்த்தேன். ஆப்சர்வர். யாரும் சொல்லித் தராமல், என் கையாலேயே, உன் வாசலில் வந்து நிற்கிறேன். மேலாளர் எட்டிப் பார்த்துவிட்டு, “இது பழசு மாதிரியே இருக்கே?” என்றார். ஆமாம் என்றேன். உனக்குத் திரை பார்க்க அனுமதி கிடைத்ததும் நீ படித்துப் பார்க்காமல் ஒப்படைக்க மாட்டேன் என்றும் சொல்லிவிட்டேன். முகத்தைச் சுளித்தார், சரி என்றார்.

இப்போது அண்ணன். அவரோடு ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிட என்னால் முடியவில்லை. உன் துணிகளை வெயிலில் போட்டு எடுத்து மடித்து வைத்திருக்கிறார். நான் சொல்ல மாட்டேன், வாக்கு வாக்குதான். ஆனால் நீ சொல். அடுத்த மாதம் உன்னை அனுப்பிவிடுவார்கள், அதற்கு முன்னால் சொல்லிவிடு.

உடம்பைப் பார்த்துக்கொள், யாராக இருந்தாலும்.

சண்டைக்காரி


ஓய்வு இல்லம், அறை 11
ஜூலை 13

சண்டைக்காரிக்கு,

நலம். இந்தத் தடவை மற்றவர்கள் சொல்லாமல் எனக்கே தெரிகிறது. கோபமும் போய்விட்டது. அந்தக் குழந்தையை நான் வந்ததும் ஒருநாள் போய்ப் பார்ப்போம். நீ எழுதிய பட்டியலையும் பார்க்க வேண்டும். உனக்கு வேலை அதிகம் என்று தெரியும், நேரத்துக்குச் சாப்பிடு. இருபதாம் தேதி மதியம் வருகிறோம். கீழ் வீட்டில் எது எங்கே இருக்கிறது என்று நீ கூட வந்து காட்ட வேண்டும்.

போன ஞாயிறு சொல்லிவிட்டேன்.

நல்ல வெயில். ஏரி காலையிலேயே வந்துவிட்டது, அக்கரை மரங்கள்கூட ஒவ்வொன்றாகத் தெரிந்தன. பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். நான் ஒரு வாரமாக மனப்பாடம் செய்து வைத்திருந்த வாக்கியம் எதுவும் வாயில் வரவில்லை.

“எனக்கு நம்ம கல்யாணம் ஞாபகம் இல்லீங்க” என்றேன்.

அவர் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். நிறுத்தவில்லை. “தெரியும்” என்றார்.

எப்போதிலிருந்து என்று கேட்டேன்.

“ஆஸ்பத்திரியில மறுநாள் நான் உள்ள வந்தப்ப ‘வாங்க’ன்னு சொன்ன பாரு, அப்பவே. நீ என்னை ஒரு நாளும் வாங்கன்னு கூப்பிட்டதில்ல.”

மூன்று வருஷமும் வா, போ என்றுதான் கூப்பிட்டிருக்கிறேன். உங்கள் அம்மாவுக்கு அதில் வருத்தமாம். நீ இதைச் சொல்லவே இல்லையே.

தெரிந்துகொண்டே இத்தனை மாதம் ஏன் ஒன்றும் கேட்கவில்லை என்றேன். உரித்த சுளைகளை ஒவ்வொன்றாக என் கையில் வைத்துவிட்டுத்தான் பேசினார். “நீச்சல் கத்துக்க வர்றவங்கள்ல பாதிப் பேரு, தண்ணின்னா பயம்னு வாய் விட்டுச் சொல்ல மாட்டாங்க. நானும் கேக்க மாட்டேன். பக்கத்துல நின்னுக்கிட்டு வேற ஏதாவது பேசிக்கிட்டு இருப்பேன்.”

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ஒவ்வொரு ஞாயிறும் தன்னைப் பற்றி ஒரே ஒரு விஷயம் சொல்லிவிட்டுப் போவார். நாய் வளர்த்தது, பள்ளிக்கூடத்தில் தோற்றது, முழங்கையில் இருக்கும் தழும்பு, உன்னை ஒரு தடவை சேற்றில் தள்ளிவிட்டது. பேச்சுக்குச் சொல்கிறார் என்று நினைத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். இருபது ஞாயிறாக அந்த மனிதர் என்னிடம் தன்னை முதலிலிருந்து அறிமுகப்படுத்திக்கொண்டிருந்திருக்கிறார்.

உங்களைப் பிடிக்குமா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை என்றேன். சொன்ன பிறகு, அது முழு உண்மையில்லை என்று பட்டது. “இங்க எல்லா நாளும் ஒரே மாதிரிதான் இருக்கும். சனிக்கிழமை மட்டும், நாளைக்கு ஞாயிறுன்னு, எனக்கு எப்படியோ தெரிஞ்சிடுது” என்றும் சொன்னேன். அவர் ஆரஞ்சுத் தோலைப் பொறுக்கித் தாளில் மடித்தார். அந்த வேலைக்கு ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டார்.

பிறகு நர்ஸ் படிவத்தோடு வந்தாள். என்னை இங்கிருந்து அழைத்துப் போகிறவர் யார் என்று நான் எழுதிக் கொடுக்க வேண்டுமாம். பெயர் எழுதிவிட்டேன். அடுத்த வரியில் ‘உறவு’ என்று இருந்தது. அவர் எழுந்து கரைக்குப் போய், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தண்ணீரைப் பார்த்தபடி நின்றார். நர்ஸிடம் மணல் கடிகாரம் இல்லை, ஆனாலும் அவள் காத்திருந்தாள். பொய் எழுத மனசு வரவில்லை. உண்மையில் எதை எழுதுவது என்றும் தெரியவில்லை. கடைசியில் ‘தெரிந்தவர்’ என்று எழுதினேன்.

கீழே அவர் கையெழுத்துப் போட வேண்டும். படிவத்தை வாங்கி, எல்லா வரியையும் நிதானமாகப் படித்தார். முகம் வாடிவிடுமோ என்று நான் கையைப் பிசைந்துகொண்டிருந்தேன். கையெழுத்துப் போட்டு நர்ஸிடம் கொடுத்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

“பரவால்ல” என்றார். “பிப்ரவரியில அதுகூட இல்ல.”

அலங்காரி